வீட்டுக்கு ஃபைபரா, செல்போன் டேட்டாவே போதுமா? ஒரு சமையலறைக் காலண்டர் சொன்ன கணக்கு

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தி, சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் மூன்று விஷயங்களைக் குறித்து வைப்பார்: பால்காரர் வராத நாள், கேஸ் சிலிண்டர் வந்த நாள், ரீசார்ஜ் செய்த நாள். ரீசார்ஜுக்கு மட்டும் சிவப்பு மை. சித்தி, சித்தப்பா, கல்லூரியில் படிக்கும் தங்கை என்று வீட்டில் மூன்று போன்கள். "இந்தச் சிவப்பு மையைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. பேசாமல் வீட்டுக்கு ஃபைபர் போட்டுவிடலாமா? எது மலிவு என்று நீ கணக்குப் போட்டுச் சொல்" என்றார். ஃபைபர் என்றால் கேபிள் வழியாக வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு.

இதே கேள்வியை என்னிடம் கேட்காத உறவினர் குறைவு. விளம்பரத்தில் இருக்கும் விலைகளை வரிசையாக எழுதி, குறைந்ததைச் சுட்டிக்காட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலண்டரைப் புரட்டியபோது, விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. அதனால் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வழியையும் அந்த வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தோம்.

கீழே நான் எடுத்துக்கொண்டிருக்கும் செல்போன் கட்டணங்கள், 2024 ஜூலையில் நிறுவனங்கள் விலையை உயர்த்தியபோது வந்தவையும் அதன்பின் வந்தவையும். விலை அடிக்கடி மாறும். உங்கள் ஊரில் இன்றைக்கு உள்ள விலையை அந்த இடத்தில் போட்டு இதே வழியில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஒரு நாள் விலை. 28 நாள், 56 நாள், 84 நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கணக்கு. இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. வரியையும் சேர்த்து, நாள்களால் வகுத்துவிட்டால் எல்லாம் ஒரே தராசுக்கு வந்துவிடும்.

பயன்படுத்திய ஜிபியின் விலை. வாங்கிய ஜிபி வேறு, பயன்படுத்திய ஜிபி வேறு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததில் பாதி இதற்குள் இருக்கிறது.

வரம்பு தாண்டிய பிறகு என்ன நடக்கும்? வேகம் குறையுமா, பணம் ஏறுமா, எதுவும் ஆகாதா?

சிக்னல் எந்த அறையில்? ஊரில் டவர் இருக்கிறதா என்பதை விட, படிக்கும் மேசை வரை சிக்னல் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

நுழையவும் வெளியேறவும் ஆகும் செலவு. கருவி, முன்பணம், பொருத்தும் கட்டணம். வேண்டாம் என்றால் அதில் எவ்வளவு திரும்பி வரும்?

ஆறாவதாக ஒன்றைச் சித்தியே சேர்த்தார்: "கரண்ட் போனால்?" டெல்டாக்காரர்களிடம் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

## 28 நாள் பிரீபெய்டு, தினசரி வரம்பு

தமிழ்நாட்டில் பல வீடுகள் இதில்தான் இருக்கின்றன. சித்தி வீட்டிலும் மூன்று போனுக்கும் இதே திட்டம்: 28 நாள், தினமும் 1.5 ஜிபி, 299 ரூபாய். 2024 ஜூலைக்கு முன் இது 239 ரூபாயாக இருந்தது.

காலண்டரைப் பாருங்கள். ஜனவரி 5 அன்று ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்தது பிப்ரவரி 2. அதற்கடுத்தது மார்ச் 2, பிறகு மார்ச் 30. ஒரே மாதத்தில் இரண்டு முறை! அப்படியே ஏப்ரல் 27, மே 25 என்று தேதி பின்னோக்கி நகர்ந்து, டிசம்பர் 7 அன்று வந்து நிற்கிறது. எண்ணினால் 13 புள்ளிகள். வருடத்துக்கு 12 மாதம், ரீசார்ஜ் 13. மார்ச் மாதம் செலவு ஏன் கூடிப்போனது என்று சித்தி அப்போதே யோசித்திருக்கிறார், காரணம்தான் பிடிபடவில்லை.

299 ரூபாயை 28 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. அசல் மாதக் கணக்கில் இது ஏறத்தாழ 325 ரூபாய். இந்த 28 நாள் விவகாரத்தில் புகார்கள் குவிந்ததால், 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருந்தாக வேண்டும். அந்தத் திட்டங்கள் இருக்கின்றன. கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நாமாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

ஆனால் 13ஆவது ரீசார்ஜ் சின்னத் திருட்டுதான். பெரிய ஓட்டை, தினசரி வரம்பில் இருக்கிறது.

சித்தப்பாவின் போனை வாங்கி, அமைப்புகளில் டேட்டா பயன்பாட்டைத் திறந்து பார்த்தேன். செய்தி படிக்கிறார், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார், நெல் விலை பார்க்கிறார். நாளொன்றுக்குச் சராசரி 300 எம்பி. மீதமுள்ள 1.2 ஜிபி ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் காலாவதியாகிவிடுகிறது. விளம்பரக் கணக்கில் அவர் 42 ஜிபி வாங்குகிறார், ஒரு ஜிபி 7 ரூபாய் 12 காசு. உண்மையில் அவர் பயன்படுத்துவது 8.4 ஜிபி. அப்படியானால் ஒரு ஜிபிக்கு அவர் கொடுப்பது 35 ரூபாய்க்கு மேல்.

அதே வீட்டில், அடுத்த அறையில் தங்கை. கல்லூரி பஸ்ஸில் போக வர ஒரு மணி நேரம் வீடியோ, மதியம் தோழிகளோடு ரீல்ஸ், இரவு ஒன்பது மணிக்குப் பதிவு செய்யப்பட்ட வகுப்புகள். வகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் "இன்றைய டேட்டா 100 விழுக்காடு பயன்படுத்தப்பட்டது" என்ற குறுஞ்செய்தி வந்துவிடும். அதற்குப் பிறகு பெரிய தனியார் நிறுவனங்களில் கிடைக்கும் வேகம் 64 கேபிபிஎஸ், அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லில் 40 கேபிபிஎஸ். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 2023 ஜனவரியில் மத்திய அரசு "பிராட்பேண்டு" என்ற சொல்லுக்கான குறைந்தபட்ச வேகத்தை 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியது. இந்த வேகம் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் விளம்பரத்தில் எழுதியிருப்பது "அன்லிமிடெட்".

உடனே தங்கை 19 ரூபாய்க்கு 1 ஜிபி டாப்-அப் போடுவாள். பணம் செலுத்தும் செயலியின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். போன மாதம் மட்டும் 12 டாப்-அப், 228 ரூபாய். இது காலண்டரில் ஏறாத செலவு. சித்தி அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்.

ஆக, ஒரே கூரையின் கீழ் அப்பாவின் போனில் 1.2 ஜிபி இரவோடு இரவாக வீணாகிறது. பத்தடி தள்ளி மகள் 1 ஜிபியை 19 ரூபாய் கொடுத்து வாங்குகிறாள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் சிம்.

எப்போது இது சரியான தேர்வு: கையில் மொத்தமாகப் பணம் புரளாதவர்களுக்கு, வெளியூர் வேலைக்காக அடிக்கடி நிறுவனம் மாற்றுபவர்களுக்கு, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே அளவு டேட்டா பயன்படுத்துபவர்களுக்கு. மற்றவர்கள் பழக்கத்தால்தான் இதில் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

## 84 நாள், ஒரு வருடம்: மொத்தமாகக் கட்டும் பிரீபெய்டு

நாள் விலை இங்கே நன்றாகவே இறங்குகிறது. ஜியோவின் 2024 ஜூலை பட்டியலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தினமும் 2 ஜிபி, 28 நாள் 349 ரூபாய் என்றால் நாளுக்கு 12 ரூபாய் 46 காசு. அதே 2 ஜிபி, 84 நாள் 859 ரூபாய் என்றால் 10 ரூபாய் 23 காசு. 365 நாளுக்கு 3,599 ரூபாய் கட்டினால் தினமும் 2.5 ஜிபி, நாளுக்கு 9 ரூபாய் 86 காசு. அதாவது 28 நாளுக்கு 1.5 ஜிபி வாங்குகிறவர், வருடம் முழுக்க 2.5 ஜிபி வாங்குகிறவரை விட ஒரு நாளைக்கு அதிகம் கொடுக்கிறார்! மொத்தமாகப் பணம் இல்லாதவரிடம் கூடுதலாக வாங்குவது நம் ஊர் மளிகைக் கடையிலும் நடப்பதுதான், புதிதில்லை.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. அந்த விலை உயர்வின்போதுதான், வரம்பில்லாத 5ஜி என்ற சலுகை தினமும் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. உங்களிடம் 5ஜி போன் இருந்து, வீட்டுக்குள் 5ஜி சிக்னலும் வந்தால், 1.5 ஜிபியிலிருந்து 2 ஜிபி திட்டத்துக்கு ஏறுவது அரை ஜிபி கூடுவதோடு முடிவதில்லை, வரம்பே நீங்கிவிடுகிறது. ஆனால் போன் 4ஜிக்கு இறங்கும் ஒவ்வொரு நிமிடமும் தினசரிக் கணக்கில்தான் கழியும். ஓடும் பஸ்ஸில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவிக்கொண்டே இருக்கும். மேலே 5ஜி என்ற எழுத்தைப் பார்த்து நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு மாலையில் டேட்டா தீர்ந்திருக்கும்.

மறைந்திருக்கும் செலவு, கட்டிய பணம் சிக்கிக்கொள்வது. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறலாம், 1900 என்ற எண்ணுக்கு அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியில் அந்த வேலை தொடங்கும். ஆனால் மீதமிருக்கும் நாள்களும் டேட்டாவும் கூட வராது. வருடத் திட்டம் போட்ட இரண்டாம் மாதம் வீடு மாறி, புது வீட்டில் சிக்னல் இல்லையென்றால் மீதிப் பத்து மாதப் பணம் போனதுதான். எனக்கே அது நடந்தது. தொலைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துத்தான் ஐந்து மாதம் பேசினேன், அதன் பிறகு பொறுமையிழந்து வேறு நிறுவனத்துக்குப் போனேன்.

எப்போது சரி: அந்த இடத்தில் அந்த நிறுவனத்தின் சிக்னலை ஒரு 28 நாள் திட்டத்தில் பார்த்துவிட்ட பிறகு. முதல் ரீசார்ஜே வருடத் திட்டமாக இருக்க வேண்டாம்.

## போஸ்ட்பெய்டு

தினசரி வரம்பு கிடையாது என்பதே இதன் பெரிய நன்மை. மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தருவார்கள். ஒரே நாளில் பத்து ஜிபி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஒரு வாரம் தொடாமலும் இருக்கலாம். சில திட்டங்களில் மிச்சம் அடுத்த மாதத்துக்கு வரும். குடும்பத்தில் கூடுதல் சிம்களைச் சேர்த்து, டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளும் வசதியும் உண்டு. சித்தப்பா, தங்கை கதைக்கு ஏட்டளவில் இதுதான் நேரான மருந்து.

ஆனால் பிரீபெய்டு விலை வரியோடு சேர்ந்தது, போஸ்ட்பெய்டு விலை வரி சேராதது. 449 ரூபாய் என்று அச்சடித்திருந்தால், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்துக் கட்ட வேண்டியது 529 ரூபாய் 82 காசு. 28 நாள் பிரீபெய்டின் விலையோடு 449ஐ ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு ஜிபிக்கும் பணம் ஏறும் திட்டங்களும் உண்டு. தேதி தவறினால் தாமதக் கட்டணம். நிறுவனம் மாற நினைத்தால் முதலில் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

அலுவலகம் பில்லைத் திருப்பித் தருகிறது என்றால் யோசிக்க வேண்டாம், போஸ்ட்பெய்டு எடுங்கள். மாதச் சம்பளம் இல்லாத வீடுகளுக்கு, அளவு தெரியாத பில்லை விட முன்கூட்டியே கட்டிய ரீசார்ஜ்தான் நிம்மதி. சித்தியும் "பில் என்றாலே வேண்டாம்" என்று சொல்லி, இதைப் பேச்சிலேயே முடித்துவிட்டார்.

## டாங்கிளும் தனி டேட்டா சிம்மும்

ஒரு காலத்தில் மடிக்கணினியில் குச்சி போல நீட்டிக்கொண்டிருந்த டாங்கிளின் இடத்தைப் போனின் ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொண்டுவிட்டது. கருவிக்கு ஒரு விலை, அதற்குள் போடும் சிம்முக்குத் தனி ரீசார்ஜ், அதிலும் அதே தினசரி வரம்பு. போன் வைத்திருக்கும் வீட்டுக்கு இது நான்காவது சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். கடையில் சிசிடிவி கேமராவுக்கு இணைப்பு வேண்டும், அல்லது வெளியூர் வேலையில் நாலைந்து பேர் ஒரே இணைப்பைப் பயன்படுத்த வேண்டும் என்றால் மட்டும் வாங்கலாம்.

## ஏர்ஃபைபர்: காற்றில் வரும் வீட்டு இணைப்பு

5ஜி டவரிலிருந்து சிக்னலை வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகத் தரும் முறை இது. ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும், ஜியோ அதே ஆண்டு செப்டம்பர் 19, விநாயகர் சதுர்த்தி அன்றும் தொடங்கின. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு ரவுட்டர். தெருவில் குழி தோண்டிக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை.

ஜியோ தொடங்கியபோது வைத்த ஆரம்ப விலை 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 599 ரூபாய். வரியோடு 706 ரூபாய் 82 காசு, வருடத்துக்கு ஏறத்தாழ 8,482 ரூபாய். மாதாமாதம் கட்டினால் பொருத்துவதற்குத் தனியாக 1,000 ரூபாய். இதன் மாத வரம்பு 1,000 ஜிபி. சாதாரண வீட்டுக்கு அது தீராது. ஆனால் ஃபைபரில் வழக்கமாகத் தரும் 3,300 ஜிபியோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ்.

என் தயக்கம் விலையில் இல்லை. இதுவும் டவரை நம்பிய இணைப்புதான். அந்தத் தெருவில் பெட்டிகள் கூடக் கூட, மாலை நேரத்தில் வேகம் பகிர்ந்துகொள்ளப்படும். எடுப்பதற்கு முன், அதே தெருவில் ஏற்கெனவே எடுத்த ஒருவர் வீட்டில் இரவு எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பகல் பதினொன்றுக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். வாடகை வீடு என்றால், மாடியில் பெட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பதும் சேரும்.

எப்போது சரி: ஃபைபர் கேபிள் வராத புதுக் குடியிருப்புகள், ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் வீடுகள்.

## ஃபைபர்

வேகமும் நிலைத்தன்மையும் வேண்டுமென்றால் ஃபைபரை மிஞ்ச எதுவும் இல்லை, அதில் விவாதத்துக்கு இடமில்லை. மலிவா என்பதுதான் கேள்வி.

பிஎஸ்என்எல் ஃபைபரின் 449 ரூபாய்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 எம்பிபிஎஸ், மாதம் 3,300 ஜிபி வரை. வரியோடு 529 ரூபாய் 82 காசு, வருடத்துக்கு 6,358 ரூபாய். "இதைப் போட்டுவிட்டால் மூன்று போனுக்கும் ரீசார்ஜ் வேண்டாமே" என்றார் சித்தி. வேண்டும். பேசுவதற்கும் வங்கியின் ஓடிபி வருவதற்கும் சிம் உயிரோடு இருக்க வேண்டும். ஃபைபர் போடும் பல வீடுகளில் பழைய டேட்டா ரீசார்ஜும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ஒரே டேட்டாவுக்கு இரண்டு முறை பணம்.

இதற்கு 2024 டிசம்பரில் டிராய் ஒரு வழி திறந்துவிட்டது. டேட்டா இல்லாமல், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் வைத்தாக வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜனவரியில் அவை வெளிவந்தன. 84 நாளுக்கு 448 ரூபாய் என்று ஒரு திட்டம், நாளுக்கு 5 ரூபாய் 33 காசு.

அப்படியானால் சித்தி வீட்டுக் கணக்கு இப்படி வரும்.

இப்போதைய நிலை: மூன்று போனும் 28 நாள் 299 ரூபாய்த் திட்டத்தில். வருடத்துக்கு 11,693 ரூபாய்.

ஃபைபர் போட்டால்: ஃபைபருக்கு 6,358. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுத் திட்டம், இருவருக்கும் சேர்த்து 3,893. வெளியே போகும் தங்கைக்கு அதே டேட்டா திட்டம், 3,898. மொத்தம் 14,149 ரூபாய்.

வித்தியாசம் 2,456. மாதத்துக்கு ஏறத்தாழ 205 ரூபாய். 19 ரூபாய் டாப்-அப் கணக்கில் பார்த்தால் பதினொன்று. ஆக, இது போன்ற மூன்று போன் வீட்டுக்கு என் அளவுகோல் இது: மாதம் பதினோரு டாப்-அப்புக்கு மேல் போகிறதா? ஃபைபர் தன் விலையைத் தானே எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே என்றால், ஃபைபர் வசதிக்காகப் போடுவது, மிச்சத்துக்காக இல்லை.

ஒளிந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, மின்சாரம். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வாங்க வேண்டியிருக்கும். இரண்டாவது, வாசலைத் தாண்டினால் டேட்டா இல்லை. பேச்சுத் திட்டத்துக்கு மாறிய சித்தப்பா காய்கறிக் கடையில் க்யூஆர் குறியீட்டின் முன் போனை நீட்டிக்கொண்டு நிற்பார், பணம் போகாது. கையில் ரொக்கம் வைத்திருக்கும் தலைமுறைக்கு இது பிரச்சினை இல்லை. சித்தப்பா அந்தத் தலைமுறைதான், ஆனால் இப்போது சில்லறைக்குப் பயந்து போனில் கட்டப் பழகிவிட்டார். மூன்றாவது, பழுதானால் ஆள் எப்போது வருவார் என்பது. பெரிய நிறுவனத்தின் பெயரை விட, உங்கள் தெருவில் கேபிள் இழுத்து வைத்திருக்கும் உள்ளூர் ஆளின் கைபேசி எண்தான் இங்கே முக்கியம். அவரைப் பற்றி நாலு வீட்டில் விசாரியுங்கள்.

எப்போது சரி: வீட்டிலிருந்து வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் இணைய வகுப்பு, டிவியில் ஓடிடி பார்க்கும் வீடு. நெட்பிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்குப்படி, எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். ஒன்றரை ஜிபி திட்டத்தில் அரை மணி நேரப் படம்தான் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | உதாரண விலை | ஒரு நாளைக்கு (வரியோடு) | வரம்பு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| 28 நாள் பிரீபெய்டு | 299 | 10.68 | தினம் 1.5 ஜிபி | 13ஆவது ரீசார்ஜ், டாப்-அப், வீணாகும் மிச்சம் |
| 84 நாள் பிரீபெய்டு | 859 | 10.23 | தினம் 2 ஜிபி | 4ஜிக்கு இறங்கினால் வரம்பு |
| வருட பிரீபெய்டு | 3,599 | 9.86 | தினம் 2.5 ஜிபி | பணம் சிக்கிக்கொள்வது |
| பேச்சு மட்டும் | 448 (84 நாள்) | 5.33 | டேட்டா இல்லை | வெளியே யுபிஐ ஓடாது |
| போஸ்ட்பெய்டு | 449 + வரி | 17.42 | மாத மொத்தம் | வரி, தாமதக் கட்டணம் |
| ஏர்ஃபைபர் | 599 + வரி | 23.24 | மாதம் 1,000 ஜிபி | பொருத்தும் கட்டணம், மாலை நேர நெரிசல் |
| ஃபைபர் | 449 + வரி | 17.42 | மாதம் 3,300 ஜிபி | யுபிஎஸ், சிம்மை உயிரோடு வைக்கும் ரீசார்ஜ் |

கடைசி இரண்டும் வீடு முழுவதற்குமான விலை. மேலே உள்ளவை ஒரு சிம்முக்கு. இதை மறந்துவிட்டுப் பார்த்தால் அட்டவணை பொய் சொல்லும்.

## சில்லறையாகக் கரைவது

சில பணம் செலுத்தும் செயலிகள் ரீசார்ஜுக்கு ஒன்றிரண்டு ரூபாய் வசதிக் கட்டணம் சேர்க்கின்றன. நிறுவனத்தின் சொந்தச் செயலியில் செய்தால் அது இருக்காது. டாப்-அப் போடும்போது செல்லுபடியாகும் நாளைப் பாருங்கள், ஒரே நாளில் முடிபவை அதிகம். இரவு பதினொன்றரைக்குப் போட்டால் அரை மணி நேரத்துக்குத்தான். எப்போதோ விரல் பட்டுச் சேர்ந்த ராசிபலன், பாட்டுச் சேவைகள் பணம் எடுத்துக்கொண்டிருந்தால், 155223 என்ற கட்டணமில்லா எண்ணில் நிறுத்தலாம். ஓடிடி இலவசம் என்ற திட்டங்களில் அந்த இலவசம் பெரும்பாலும் போன் திரைக்கு மட்டும் இருக்கும், டிவியில் ஓடாது.

எல்லா நிறுவனங்களின் திட்டங்களையும் ஒரே இடத்தில் பார்க்க டிராய் அமைப்பே கட்டணங்களுக்கென்று ஓர் இணையதளம் நடத்துகிறது. சிக்னல் எங்கெங்கே உண்டு என்ற வரைபடங்களையும் நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. வரைபடம் தெரு வரைதான் காட்டும். சித்தி வீட்டுத் திண்ணையில் 5ஜி நான்கு கோடு, தங்கையின் அறையில் ஒரு கோடு. இடையில் இருப்பது பழைய காலத்து ஒன்றரை அடிச் சுவர். அந்தச் சுவர் எந்த வரைபடத்திலும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று சிம்மையும் ஒரே நிறுவனத்தில் வைத்திருப்பது டெல்டாவில் புத்திசாலித்தனம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனபின் மின்சாரமும் டவர்களும் படுத்துக் கிடந்த நாள்களில், எந்த நிறுவனத்தின் சிக்னல் முதலில் திரும்பி வருகிறதோ அந்த சிம் வைத்திருந்தவர் வீட்டில்தான் தெருவே கூடியது.

## சித்தி என்ன முடிவெடுத்தார்?

மாதம் 12 டாப்-அப். என் அளவுகோலின்படி ஃபைபர் போட வேண்டிய வீடுதான். ஆனால் அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்வோம் என்றேன். இரவு சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா தன் போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்க வேண்டும். தங்கையின் போன் அதில் இணைந்துகொள்ளும். நள்ளிரவில் வீணாகப் போகும் அந்த 1.2 ஜிபி, வகுப்புக்குப் போகட்டும். வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை மூன்று போனிலும் நிறுத்தினோம். தங்கையின் போனில் வீடியோவின் தரத்தை 480க்குக் குறைத்தோம். ஆறு அங்குலத் திரையில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

அடுத்த மாதம் டாப்-அப் இரண்டு. அதிலும் ஒன்று, சித்தப்பா ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போய்த் தங்கிய இரவு.

பதினொன்றுக்கு வெகு கீழே வந்துவிட்டதால் ஃபைபர் இப்போதைக்கு வேண்டாம் என்று ஆனது. தங்கையின் சிம் மட்டும் 84 நாள், 2 ஜிபி திட்டத்துக்கு மாறியது. அவள் இறுதியாண்டில் ப்ராஜெக்ட், நேர்காணல் என்று வரும்போது மறுபடியும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். சித்தியின் சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் வேலை பாக்கி இருக்கிறது.

போன வாரம் சித்தப்பா பேசினார். ஒன்பது மணிக்கு மேல் தன் போன் தன்னிடம் இருப்பதில்லை என்று புகார். ஹாட்ஸ்பாட் போட்டால் சூடாகிறது, சார்ஜ் இறங்குகிறது, அதனால் மகள் அதைத் தன் மேசையிலேயே சார்ஜரில் சொருகி வைத்துக்கொள்கிறாளாம். காலை வணக்கம் அனுப்பக்கூட அவளை எழுப்பித்தான் போனை வாங்க வேண்டியிருக்கிறது என்றார். பின்னால் சித்தி சிரிப்பது கேட்டது.